ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு

போடுங்க தம்பி, கூச்சப்படாம போடுங்க. மாத்திரை அட்டையை எதுக்கு உள்ளங்கையில மூடிக்கறீங்க, நான்தான் பார்த்துட்டேனே. தண்ணி இருக்குதுங்களா? இந்தாங்க, வீட்டுத் தண்ணிதான், காய்ச்சி ஆற வெச்சது. அன்னூர்ல பஸ் எப்படியும் பத்து நிமிஷம் நிக்கும். நிதானமா முழுங்குங்க.

நான் டாக்டரில்லைங்க. பேரு தண்டபாணி. கோயமுத்தூர்ல ஒரு லேப்ல சீனியர் அனலிஸ்ட், முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மனசு சரியில்லைன்னு போறவங்களுக்கு டாக்டருங்க மாத்திரை எழுதறாங்க இல்லைங்களா, சிலருக்கு எத்தனை போட்டாலும் கேக்காது, சிலருக்குக் கொஞ்சம் போட்டாலே ஆளைத் தூக்கியடிச்சிரும். அப்ப ரத்தத்துல மருந்து எத்தனை நிக்குதுன்னு பார்க்கச் சொல்லி எங்களுக்கு அனுப்புவாங்க. ஆறு ஜில்லாவுல இருந்து வரும்.

பெரிய வித்தை ஒண்ணுமில்லைங்க. ரத்தத்தைச் சுத்த விட்டா சிவப்பு அடியில தங்கிரும், மேல மஞ்சளா, தெளிவா நிக்கும். அதுதான் பிளாஸ்மா. அதைச் சுத்தம் பண்ணி ஒரு ஸ்டீல் குழாய் வழியாத் தள்ளுவோம். ஒரு சாண் கூட இருக்காது அந்தக் குழாய், உள்ள மாவு மாதிரி ஒண்ணை இறுக்கி அடைச்சிருப்பாங்க. அது வழியாப் போற ஒவ்வொரு மருந்தும் தனக்குன்னு ஒரு நேரத்துலதான் வெளிய வரும். வரும்போது கம்ப்யூட்டர்ல கோடு மேல ஏறி இறங்கும். ஏறின அளவை வெச்சு மருந்தோட அளவைச் சொல்லிரலாம். நீங்க இப்ப முழுங்கினீங்களே, அது ஆறு நிமிஷம் நாப்பது செகண்டுல வரும். பேரைச் சொல்ல மாட்டேன், பின்னாடி சீட்ல ஆள் இருக்காங்க. ரகசியம்னா ரகசியம். முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர் பேரை நான் வெளிய விட்டதில்லைங்க.

கோடு ஏறறப்ப எங்க லேப்ல ஒரு பையன் சொல்லுவான், "மலை வருதுங்க சார்"னு. மாதேஸ்வரன்னு பேரு. பையன்னா பையனில்லை, முப்பத்திரண்டு வயசு, எனக்கு அப்படி வாயில வந்துருச்சு. இந்தப் பக்கத்து ஆளுதான், புளியம்பட்டி தாண்டி, மெயின் ரோட்டுல இருந்து செம்மாம்பாளையத்துக்கு வழி பிரியற பிரிவு. ஜன்னல்ல இருந்து பார்த்தா திம்பம் மலை தெரியற ஊரு, அதனாலயோ என்னவோ அவனுக்கு எல்லாமே மலைதான். சின்ன மலை, மொட்டை மலை, இரட்டை மலை. ரிப்போர்ட்ல அப்படியா எழுத முடியும்னு நான் வையறது, அவன் சிரிச்சுக்கறது. கை அத்தனை சுத்தம் அவனுக்கு. அவன் ஒட்டின லேபிளை நான் ரெண்டாவது தடவை பார்க்கவே மாட்டேன்.

இருங்க, நேராச் சொல்லிர்றேன். சுத்தி வளைக்கறது எனக்கே பிடிக்காது.

மருந்து இருக்கற ரத்தத்தை அளக்கணும்னா மருந்தே இல்லாத ரத்தம் பக்கத்துல வேணுங்க. அதை ஓட்டினா கோடு தரையோட தரையாப் போகணும். அதுக்குப் பேரு பிளாங்க். எல்லா நாளும் காலையில முதல்ல அதைத்தான் ஓட்டுவோம். அது சரியா வந்தாத்தான் மத்ததைத் தொடுவோம். பெரிய கம்பெனிக்காரங்க அதை விலைக்கு வாங்குவாங்க. நம்ம லேப்ல ஒரு வழக்கம். மாசம் முதல் சனிக்கிழமை வேலை பார்க்கற ஏழு பேரும் வெறும் வயித்தோட வந்து ஆளுக்கு ரெண்டு டியூப் குடுத்திரணும். குடுத்து முடிச்சா மெஸ்ல இருந்து பொங்கலும் வடையும் வரும். ஏழு பேர் பிளாஸ்மாவையும் ஒண்ணாக் கலக்கி, சின்னச் சின்னக் குப்பியில ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சிருவோம். ஆளாளுக்குத் தனியா ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கலக்கணும், சட்டப்படி. நாங்க பார்க்கறதில்லை. நம்ம ஆளுங்கதானேன்னு ஒரு நம்பிக்கை.

போன வருஷம் ஜூலையில பிளாங்க்ல மலை வந்துருச்சுங்க. ஆறு நிமிஷம் நாப்பது செகண்டுல.

செப்டம்பர்ல டெல்லியில இருந்து இன்ஸ்பெக்‌ஷன். அங்கீகாரம் வாங்க மூணு வருஷமா நாயா அலைஞ்சிருக்கேன். பிளாங்க்லயே மருந்து இருந்தா எவன் மதிப்பான்? முதல்ல நான் நினைச்சது, மெஷின் அழுக்கு. முந்தின சாம்பிள் ஊசியில ஒட்டியிருக்கும்னு. கழுவினோம். ஊசியை மாத்தினோம், குழாயை மாத்தினோம், பாட்டில் பாட்டிலா ஊத்திக் கழுவினோம். மூணு நாள். யாரு கழுவினதுங்கறீங்க? மாதேஸ்வரன்தான். எனக்குப் பக்கத்துல நின்னு, "இன்னொரு தடவை கழுவிப் பார்க்கலாங்களா சார்"னு கேட்டுக் கேட்டுக் கழுவினான். ஒழுங்காக் கழுவுடா, கண்ணு எங்க வெச்சிருக்கேன்னு அவனைத்தான் வைதேன். அவன் அடுத்த பாட்டிலைத் திறந்தானுங்க.

நாலாவது நாள் ஞாயித்துக்கிழமை. நான் மட்டும் போனேன். கலக்கினது போக மீதி ஏழு டியூப் தனித்தனியா இருந்துச்சு, ஒவ்வொண்ணா ஓட்டினேன். ஒண்ணு சுத்தம், ரெண்டு சுத்தம், மூணு என்னோடது, அதுவும் சுத்தம். நாலு போட்டேன். ஆறு நிமிஷம் வரைக்கும் ஒண்ணுமில்லை. நாப்பது செகண்டுல எழுந்துச்சு பாருங்க, அப்படி ஒரு அழகான மலை. கோணல் இல்லை, வால் இல்லை. நாலாம் நம்பர் யாருன்னு ரிஜிஸ்டரைப் பார்க்கணும்னு அவசியமே இல்லைங்க. லேபிள் எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

கணக்குப் போட்டேன், கை சும்மா இருக்குமா. டாக்டருங்க சரின்னு சொல்ற அளவுக்கு நட்ட நடுவுல நின்னுச்சு. ஒரு வேளை விடாம போட்டிருக்கான். நல்லாக் கேட்டிருக்குது மருந்து. அவன் சிரிச்சது, மலை வருதுன்னு சொன்னது, எல்லாம் அது குடுத்த தெம்புல. அது எனக்கு அப்பவே தெரியும். தெரியலைன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

என்ன பண்ணியிருக்கணுங்கறீங்க? தனியாக் கூப்பிட்டு, அப்பா, உனக்கு என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கப் போனேன். டீக்கடையில நின்னுட்டு, "தூக்கமெல்லாம் சரியா வருதா?"ன்னேன். "வருதுங்க சார்"னான். அதுக்கு மேல எப்படிங்க கேக்கறது? உன் ரத்தத்தை உனக்குத் தெரியாம பார்த்தேன்னா சொல்றது? நாகரிகம்னு ஒண்ணு இருக்குதில்ல.

அதனால யார் பேரையும் இழுக்காம, பொதுவா ஒரு நோட்டீஸ் எழுதி போர்டுல ஒட்டினேன். மருந்து மாத்திரை சாப்பிடறவங்க அந்த மாசம் ரத்தம் குடுக்காம ஒதுங்கிக்கணும்ங்கற மாதிரி. அவ்வளவுதான். யார் மனசும் நோகாம, முறையா. இதுல என்ன தப்பிருக்குது, நீங்களே சொல்லுங்க. ஒதுங்கிக்கன்னு சொன்னா ஒதுங்கிட்டுப் போக வேண்டியதுதானே.

ஒதுங்கியிருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லணும். ஜூன்ல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு, எங்க டெக்னீஷியன், எனக்கு இன்னைக்கு வேண்டாம்னு ரத்தம் குடுக்காம நின்னுக்கிச்சு. பொங்கல் தீர்ற வரைக்கும் அந்தப் பொண்ணைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாங்க. "என்ன விசேஷம், எத்தனை மாசம்"னு. அது கண்ணுல தண்ணி வெச்சுக்கிச்சு. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஏழு பேர் இருக்கற இடத்துல ஒருத்தர் ஒதுங்கினா ஊருக்கே தெரியும், அதுவும் நோட்டீஸ் ஒட்டின மறு வாரம். அவன் ஒதுங்கலைங்க. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு எல்லாருக்கும் கடைசியா வந்து உக்கார்ந்தான்.

ஆகஸ்ட்ல ஓட்டினா மலை இல்லை. சின்னதா ஒரு மேடு, எறும்புப் புத்து மாதிரி. அளக்க முடியாது, ஆனா கண்ணுக்குத் தெரியுது. நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன், "பரவாயில்லை, முக்கால்வாசி சரியாயிருச்சு, அடுத்த மாசம் சுத்தமா வந்திரணும்"னு. யாரைப் பார்த்தும் சொல்லலை. போர்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த மாசம் அவன் ஒரு தினுசா இருந்தான். லேபிளை மாத்தி ஒட்டினான், ரெண்டு தடவை. ஏசி ரூம்ல வேர்த்து ஊத்தும். ஒரு நாள் எங்கிட்ட வந்து, "தலைக்குள்ள விட்டு விட்டுக் கரண்ட் அடிக்கற மாதிரி இருக்குதுங்க சார்"னான். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "கண்ணாடி பவர் மாறியிருக்கும், போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணு"ன்னேன். அந்த மாத்திரையைத் திடீர்னு விட்டா அப்படித்தான் அடிக்கும், தம்பி. முப்பத்தோரு வருஷமா அதே மருந்தோட குடும்பம் நடத்தற எனக்குத் தெரியாதா? தெரியும். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்துச்சு.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிறைய வேணும்னு ஆளுக்கு ஆறு டியூப் எடுத்தோம். நூத்தி நாப்பது குப்பி ஆச்சு. ஓட்டினேன். ஏழு பேரும் மெஷினைச் சுத்தி நின்னுட்டிருந்தாங்க. ஆறு நிமிஷம், ஆறு பத்து, ஆறு முப்பது. நாப்பது. கோடு அப்படியே போகுது, மேசையில ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. பின்னாடி இருந்து மாதேஸ்வரன் சொன்னான், "மலை இல்லைங்க சார்".

சந்தோசம்னா சந்தோசம் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. கீழ ஆளனுப்பி ஒரு கிலோ மைசூர்பா வாங்கியாந்து நானே கையால எல்லாருக்கும் குடுத்தேன். அவனும் வாங்கிச் சாப்பிட்டான். "நல்லா இருக்குதுங்க சார்"னான்.

பதினொரு நாள் கழிச்சு அவன் வேலைக்கு வரலை. லீவு சொல்லாம நிக்கற ஆளில்லையேன்னு ஸ்டெல்லாவும் இன்னொரு பையனும் ரூமுக்குப் போய்ப் பார்த்தாங்க. அவனாவே போயிட்டான், தம்பி. எப்படின்னு கேக்காதீங்க. கடிதாசி கிடிதாசி ஒண்ணுமில்லை. அலமாரியில மாத்திரை அட்டை நாலு, ஒண்ணு கூடப் பிரிக்காம இருந்துச்சு. ஸ்டெல்லா அதை எடுத்து யார் கண்ணுலயும் படாம எங்கிட்ட குடுத்துச்சு. வீட்டுக்குத் தெரிய வேண்டாமுங்க சார், அசிங்கமாப் பேசுவாங்கன்னு சொல்லிச்சு. நான் சரின்னேன். ரகசியம்.

டிக்கெட்டா? பாருங்க, எங்க போகணும்னு கண்டக்டர் எங்கிட்ட கேக்கவே மாட்டான். சத்தியமங்கலத்துக்கு ஒண்ணு, சத்தியில இருந்து திரும்ப ஒண்ணு. எட்டு வாரமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த பஸ்ஸுதான். அவன் ஊர்ப் பிரிவுக்கு டிக்கெட் எடுத்தா இறங்கித் தொலைக்கணுமில்லைங்களா, அதனால சத்திக்கு எடுத்திர்றது.

அவனுக்கு அம்மா அப்பா இல்லைங்க. அக்காதான். கலாமணின்னு பேரு, மல்லித் தோட்டம் வெச்சிருக்காங்க, பூ வித்துத்தான் தம்பியை எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வெச்சது. அடக்கம் அன்னைக்கு என்ற ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "நான்தானுங்க சார் கொன்னுட்டேன். பொண்ணு பார்க்கப் போலாம் வாடான்னா வரலைங்கறான். போன்ல கண்டபடி வைதுட்டேனுங்க. செத்துத் தொலைன்னுட்டேனுங்க சார், வாய்ல வந்துருச்சுங்க"ன்னாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடி பேசினதாம். அதுக்கப்புறம் அந்தம்மா பூ எடுக்கவே தோட்டத்துக்குப் போறதில்லை. செடியிலயே பூத்து செடியிலயே பழுத்துக் கொட்டுதாம்.

சனிக்கிழமையானா எனக்குப் போன் வரும். "சாருங்க, அவன் உங்ககிட்ட என்னமாச்சும் சொன்னானுங்களா? அக்கா மேல கோவம்னு சொன்னானுங்களா?" வேற ஒண்ணும் கேக்கறதில்லை. நான் சொல்றது, "நேர்ல வர்றேனுங்க, நாளைக்கு வர்றேன்". அந்தம்மாவும் மறு நாள் வந்து பிரிவுல குடையைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. பஸ் நிக்கும், நாலு பேர் இறங்குவாங்க, நான் இந்தப் பக்கம் திரும்பி உக்கார்ந்துக்குவேன். போன வாரம் என்னைப் பார்த்துட்டாங்கன்னுதான் நினைக்கறேன். குடை அப்படியே பஸ்ஸோட திரும்புச்சு. நேத்துப் போன் வந்துச்சு. அதைப் பத்திக் கேக்கவே இல்லைங்க. "நாளைக்கு வர்றீங்களா சார்"னு மட்டும் கேட்டாங்க.

சொன்னா அந்தம்மா நெஞ்சுல இருக்கற பாரம் இறங்கிரும். உங்க வாய் வார்த்தையால இல்லைங்க, மருந்து நின்னதால தலை தடுமாறிருச்சுன்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் மடியில வெச்சிருக்கற இந்தக் கவர். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், மூணு மாசத்துப் பிரிண்டும் இருக்குது. ஆனா நோயாளி விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுங்கறது சட்டம். அக்காவா இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. அதுதான் யோசனை. வேற ஒண்ணுமில்லை.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அந்த நூத்தி நாப்பது குப்பி இருக்குதில்ல, அதுக்கப்புறம் யாரும் ரத்தம் குடுக்க வரலை, நானும் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் அதுதான் எங்க பிளாங்க். அங்கீகாரமெல்லாம் கிடைச்சிருச்சு, சர்டிஃபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. தினமும் காலையில ஒரு குப்பியை எடுத்து உருக வெச்சு ஓட்டறேன். ஏழுல ஒரு பங்கு அவன். ஆறு நிமிஷம் வரைக்கும் எப்படியோ நின்னுருவேன். அதுக்கப்புறம் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. இப்ப அந்த மலை வரணும்னு பார்த்துட்டு நிக்கறேனுங்க. எங்க வீட்டுச் சாமியெல்லாம் கும்பிட்டுட்டு நிக்கறேன். கோடு நேராப் போகும். பின்னாடி அவன் நிக்கற மாதிரியே இருக்கும், அவன் போடற பவுடர் வாசம் கூட வரும். திரும்பிப் பார்த்தா ஸ்டெல்லா என்னையே பார்த்துட்டிருக்கும். இன்னும் பதினொரு குப்பி இருக்குது. அது தீர்ந்தா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

புளியம்பட்டி தாண்டிருச்சுங்களா? அப்ப கால் மணி நேரம் கூட இல்லை.

நீங்க சத்திதானே போறீங்க? ஒரு உதவி பண்ணுங்க தம்பி. பிரிவுல பஸ் நிக்கறப்ப ஜன்னல் வழியா இந்தக் கவரைக் குடுத்திருங்க, குடை பிடிச்சிருக்கற அம்மாகிட்ட. யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க. அட, பிடிங்க. குண்டு ஒண்ணும் இல்லை உள்ள. பிரிச்சு வேணும்னாலும் பாருங்க, மூணு பிரிண்டும் அந்த நோட்டீஸும் இருக்குது. அவன் போன மறு நாள் போர்டுல இருந்து பிச்சு மடிச்சு உள்ள போட்டது. நான் ஒழுங்கா, மரியாதையாத்தான் எழுதினேன்னு அந்தம்மாவுக்குத் தெரியணுமில்ல. அதுக்கப்புறம் நான் பிரிச்சதில்லை. படிங்க, சத்தமாவே படிங்க, கண்ணாடி கொண்டாரலை நான்.

"மருந்து மாத்திரை உட்கொள்வோர்." ம். "ரத்தம் அளிப்பதற்குப் பதினான்கு நாட்கள் முன்பிருந்தே அவற்றை." ம், படிங்க. எதுக்கு நிறுத்திட்டீங்க?

"அவற்றைக் கட்டாயம் நிறுத்தியிருக்க வேண்டும். விதிவிலக்கு கிடையாது."

இல்லைங்க. அப்படி இருக்காது. ஒதுங்கிக்கணும்னுதான் எழுதினேன். வேற எதையாச்சும் படிக்கறீங்க. கீழ பாருங்க, கையெழுத்து யாரோடது? பச்சை மையா? தேதி?

மறுபடியும் ஒரு தடவை படிங்க.

ம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கேன். என்ற கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலு மூலைக்கும் பின் குத்தி ஒட்டியிருக்கேன். அவன் ஒரு நாள் தப்பாம நான் சொன்னதைச் செஞ்சிருக்கான். நான் சொல்ற வேலையை என்னைக்குமே அவன் மாத்திச் செஞ்சதில்லைங்க.

விசில் அடிக்கறான். பிரிவு வந்துருச்சு போல. நிக்கறாங்களா? வலது பக்கம், புளிய மரத்துக்குக் கீழ, கறுப்புக் குடை. நிக்கறாங்க. படியில இறங்கற ஒவ்வொருத்தரையும் பார்க்கறாங்க பாருங்க.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி. கண்டக்டர், ஒரு நிமிஷம், ஆள் இறங்குது.

அந்தத் தாளைக் குடுங்க. கவர் வேண்டாம், மடிக்க வேண்டாம், அப்படியே குடுங்க. உங்க அட்டை கீழ விழுந்திருக்குது பாருங்க, எடுத்து பத்திரமா உள்ள வெச்சுக்குங்க. உங்க டாக்டர் சொன்னாத்தான் அதை விடணும். என்னை மாதிரி எவன் எழுதி ஒட்டினாலும் விட்டுராதீங்க.